ஏழடிக்கு மூன்றடி

பதினொரு பேர் என்று லோஜினி சொன்னதை நான் இருபத்தேழு வருடமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு, கோண்டாவிலில் அவர்களுடைய வளவில் வெட்டிய பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், பொம்பர் விமானம் சுற்றித் திரிந்த ஒரு பகல் முழுக்க, காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நான்கு மணி வரை பதினொரு பேர் இருந்தார்களாம். குடிக்க ஒரு போத்தல் தண்ணீர். வாசலோடு ஒட்டிப் பக்கத்து வீட்டுக் காந்தன். இவ்வளவுதான் கதை. எங்களுக்கு எழுத்து முடிந்து, அதாவது பதிவுத் திருமணம் முடிந்து, ஒரு மாதத்தில் நான் ஜெர்மனிக்கு ஏறிவிட்டேன்; அவள் ஏழு வருடம் கழித்துத்தான் டோர்ட்முண்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஏழு வருடத்தில் எனக்குத் தெரியாத நாட்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் மனம் இந்த ஒரு பகலில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, நான் துருக்கியில் நிலத்துக்குக் கீழே, மாடு கட்டிய ஒரு கல் அறையில் உட்கார்ந்திருக்கும்போது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய மாடு. எதிரி வரும்போது ஊரோடு இறங்கி ஒளிந்துகொள்ளக் குடைந்த நகரம் இது, டெரின்குயு, ஆழமான கிணறு என்று அர்த்தமாம். வழிகாட்டிப் பையன் செர்கான் நல்ல ஜெர்மன் பேசுகிறான். மிருகங்களை மேல் அடுக்கில் கட்டினார்கள், மனிதர்கள் கீழே போனார்கள் என்றான். பாறையின் மூலையில் துளை போட்டுக் கயிறு கோக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். பிறகு எல்லோரும் கீழே போனார்கள். நான் மிருகங்களின் அடுக்கிலேயே நின்றுவிட்டேன். கீழே போகிற வழி குனிந்து போகும் வழி. ஒருவர் பின்னால் ஒருவர்தான். முன்னால் போனவரின் முதுகு வெளிச்சத்தை மறைக்கிறது. இரண்டு படி இறங்கிய உடனே எனக்கு மூச்சு நெஞ்சின் பாதியில் நின்றது, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். "இஞ்சருங்கோ, உங்களுக்கு ஏலாட்டி இருங்கோ, நான் பாத்திட்டு வாறன்" என்று சொல்லித் தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு அவள் போனாள். தயங்கவில்லை. அறுபதுக்குக் கிட்டப் போகிற பெண், முழங்கால் வலிக்கு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போடுகிறவள், வீட்டுப் படியில் இறங்கியதுபோல் இறங்கினாள். அதுதான் எனக்குத் தைத்தது. பழக்கப்பட்ட ஒருத்தி இறங்குவதுபோல் இருந்தது. ஆரோடு பழகிய பழக்கம் என்று மனம் உடனே கேட்டது.

முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று செர்கான் சொன்னான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினொன்று ஐந்து. இந்த இடத்தில் இருபதாயிரம் பேர் ஒளிந்திருக்கலாம் என்றும் சொன்னான். இருபதாயிரம் பேரை யார் எண்ணியது என்று எனக்கு வாய்வரை வந்தது. ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி, எத்தனை வாளி தண்ணீர், ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு காற்று. நான் இப்படியானவன் ஆகிவிட்டேன். யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதைக் கொண்டுபோய்த் தரையில் விரித்து ஆட்களை அடுக்கிப் பார்க்கிறேன். தொடங்கியது எங்கள் கட்டிடத்தின் கெல்லரில், நிலக்கீழ் அறையில், அவள் வந்து மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய பங்கர் என்று அவளிடம் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன், பருப்புக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள், ஏழடி நீளம், மூன்றடி அகலம், நிமிர்ந்து நிற்க ஏலாது. மேலே பனங்குற்றி, அதுக்கு மேலே மண்மூட்டை. ரெண்டு வீட்டுக்கும் ஒண்டுதான், வேலியிலை ஆள் நுழையப் பொட்டு வெட்டினது, காந்தனண்ணாதான் வெட்டினவர். அடுத்த சனிக்கிழமை நான் கெல்லருக்கு இறங்கி, சீமெந்துத் தரையில் சோக்கால் ஏழடிக்கு மூன்றடி கோடு போட்டேன். எங்கள் காரின் குளிர்காலச் சில்லுகள், டயரோடு, நான்கு அங்கே இருந்தன. நான்கையும் உள்ளே வைத்தேன். சப்பணம் கட்டிய ஆள் ஒருவர் ஒரு சில்லின் அளவு என்று வைத்துக்கொண்டேன். நான்கு வைத்ததும் கோட்டுக்குள் இடமில்லை. நான் போய் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன், முழங்காலை நாடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. அப்போது மேல் வீட்டு ஃப்ராவ் கெர்பர் உடுப்புக் கூடையோடு வந்து நின்றாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அலமாரி ஒன்று செய்யப்போகிறேன், அளவு எடுக்கிறேன் என்றேன். நல்லது, என்றாள், இந்த வீட்டில் ஒருவராவது ஏதாவது செய்கிறாரே. அதன் பிறகு ஒவ்வொரு முறை காணும்போதும் அலமாரி என்னவாயிற்று என்று கேட்டபடியால் கடைசியில் நான் உண்மையாகவே ஏழடியில் ஒரு அலமாரி செய்தேன். இன்றைக்கும் அங்கே நிற்கிறது. லோஜினி அதில் ஊறுகாய்ப் போத்தல் வைக்கிறாள். எதன் அளவு அது என்று அவளுக்குத் தெரியாது. ஊறுகாய் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்புவாள், நானும் போய் அந்த அலமாரியின் முன் நின்று நான்கு பேர், நான்கு பேர்தான் என்று சொல்லிக்கொண்டு எடுத்துவருவேன்.

காற்று வருகிறது. எங்கிருந்தோ மேலே திறந்த குழாய்போல ஒரு கிணறு இருக்கிறது, அதன் வழியாகக் குளிர்காற்று இறங்கி என் பிடரியில் படுகிறது. நல்ல காற்று. எனக்கு மூச்சு முட்டக் காரணம் ஒன்றும் இல்லை. அறையின் சுவர் முழுக்க உளி கொத்திய தழும்பு; கையை வைத்தால் உள்ளங்கையில் வரிவரியாகப் பதிகிறது. கல் ஈரமாகத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது, கையை எடுத்துப் பார்த்தால் ஈரம் இல்லை. ஏழு நிமிடம்தான் போயிருக்கிறது. கைப்பைக்குள் அவளுடைய போன் இருக்கிறது. இங்கே அதற்குச் சிக்னல் இல்லை, ஒரு கோடுகூடக் காட்டாது. காலையில் பஸ்ஸில் வரும்போது அது ஒருதரம் வெளிச்சம் போட்டது. நான் பார்க்க விரும்பவில்லை, பார்த்தேன். அனுப்பியது காந்தன், டொரொண்டோவின் ஸ்காபரோவிலிருந்து. "பாத்துப் போட்டு வா. உள்ளுக்கு மூச்சு முட்டும்." அவள் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "காந்தனண்ணா பயப்பிடுத்திறார்" என்று என்னிடமே சொன்னாள். மறைக்கிறவள் சொல்லுவாளா? சொல்லுவாள், மறைக்கத் தெரிந்தவள் அப்படித்தான் சொல்லுவாள். எனக்கு அந்த 'வா' தைத்தது. பக்கத்து வீட்டு அண்ணன், நாலு வயது மூத்தவன், வா என்று சொல்லாமல் வாங்கோ என்றா எழுதுவான்? எனக்குத் தெரியும். தெரிந்தும் பஸ் ஏறின மலையெல்லாம் அந்த ஒரு எழுத்தை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தேன். இங்கே நிலத்துக்குக் கீழே போகப்போகிறாள் என்று அவனுக்கு யார் சொன்னது? அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். ஊர்க்காரர் ஐம்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பாள். அல்லது அவனுக்கு மட்டும்.

அவன் முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன், டொரொண்டோவில் ஒரு கலியாண வீட்டில், பத்து வருடத்துக்கு முன்னால். போகும்போது விமானத்தில் ஒன்பது மணித்தியாலம் நான் ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன்: உயரம், அகன்ற தோள், குழி வெட்டிய கை. வந்தவன் என்னைவிடக் கட்டை. வயிறு முன்னுக்கு வந்து, மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி, கோட்டு இரவல் என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவனா, இவனுக்காகவா என்று இன்னும் கூடத்தான் எரிந்தது. சாப்பாட்டு மேசையில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். "நீங்கள்தானே லோஜியின்ரை அவர்? உங்களைப் பற்றி ஊரிலை எவ்வளவு கதை கேட்டிருக்கிறன்" என்றான். லோஜி. நான் அப்படி அழைப்பதில்லை; முழுதாக லோஜினி என்றுதான். கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு அவனே அந்தப் பங்கரைத் தொடங்கினான், நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. "நாங்கள் நாலு பேர்தானே. நாலு பேரும் காலை மடக்கினால் அதுக்கு மேலை ஒரு பூனைக்குட்டிக்கும் இடமில்லை. என்ரை அம்மாவுக்கு வாய்வு வேறை. பொம்பரை விட அதுதான் பயம்." மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். லோஜினி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், புரைக்கேறும் மட்டும் சிரித்தாள். பிறகு அவன் கொஞ்சம் குரலைத் தணித்து என்னைப் பார்த்துச் சொன்னான்: "பகிடியை விடுங்கோ. உங்கடை மனிசி சரியான துணிஞ்ச ஆள். எனக்கு நடுக்கம் நிக்கேல்லை. இவதான் என்ரை முதுகிலை கையை வைச்சபடி இருந்தவ." சொல்லிவிட்டுத் திரும்பவும் கோழிக்குப் போய்விட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நாலு பேர். ஒரு கை. இரண்டும் எனக்கு ஒரே நிமிடத்தில் கிடைத்தன. இவ்வளவு காலமும் கெல்லரில் சில்லு வைத்துப் பார்த்த கணக்கு சரி என்ற சந்தோசம் முதலில் வந்தது, அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒருவனை மறைக்க இவள் ஏழு பேரை உள்ளே இறக்கியிருக்கிறாள்.

நாலு பேரில் இரண்டு பேர் தாய்மார். லோஜினியின் தாய், அதாவது என் மாமியும், காந்தனின் தாயும். அது எனக்கும் தெரியும். இரண்டு கிழவிகளுக்கு நடுவில் ஏழடிக்கு மூன்றடியில், தலைக்கு மேல் பொம்பர் சுற்றும்போது என்ன நடந்துவிடும் என்று எந்தப் புத்தியுள்ளவனும் கேட்பான். நானும் கேட்டேன். ஆனால் மனம் முதலில் ஏழு பேரை வெளியே அனுப்பியது. பிறகு மாமியை அனுப்பியது, பிறகு காந்தனின் தாயை வாய்வோடு சேர்த்து அனுப்பியது. மிஞ்சியது வாசலில் ஒரு முதுகும் அதன் மேல் ஒரு கையும்தான். அந்த முதுகின் சட்டையை எனக்குத் தெரியும். கழுத்துப்பட்டி தேய்ந்து, புரட்டித் தைத்த சட்டை, நீலக் கோடு போட்டது. லோஜினி சொன்னதுதான். ஒருநாள் என் சட்டையைப் புரட்டித் தைக்கும்போது, காந்தனண்ணாவும் அந்த நேரம் இப்பிடித்தான் போட்டவர், நீலக்கோடு, அண்டைக்கு முழுக்க அதைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான், என்றாள். ஒன்பது மணித்தியாலம் ஒரு சட்டையின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் சட்டைகள் என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லுவாளா? இன்றைக்கு நான் போட்டிருப்பது சாம்பல். இல்லை, பச்சை. எனக்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கீழேயிருந்து சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். கல்லின் வழியாக ஏறிவரும் சிரிப்புக்கு ஆண் பெண் இல்லை. ஐந்தாறு ஜெர்மன்காரர் தொப்பியோடு வந்து, என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து அந்தத் துவாரத்துக்குள் மறைகிறார்கள். கடைசியாகப் போகிறவன் எண்பது வயதுக் கிழவன், கைத்தடியோடு. கால்கள் மறைந்து, தடியின் நுனியும் மறைந்துபோயிற்று. எனக்கு ஐம்பத்தேழு. எனக்கு ஏன் ஏலாது என்று லோஜினிக்குத் தெரியாது. பிரஷர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் ஜெர்மனிக்கு எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்கு, இரவிரவாகப் பனிக்குள் நடந்து எல்லையைக் கடந்தேன் என்று சொல்லுவேன். நன்றாகச் சொல்லுவேன். நாய் குரைத்தது, எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான் என்றெல்லாம் வரும். அவளும் நான் சொல்லும்போது பெருமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நடக்கவில்லை. மரப்பலகை ஏற்றின லொறியில், பலகைக்கு நடுவில் செய்த பெட்டிபோன்ற ஓர் இடத்தில் ஏழு பேர் படுத்து வந்தோம். இரண்டாம் மணித்தியாலம் நான் கத்தத் தொடங்கினேன். பக்கத்தில் கிடந்தவன் என் வாயைப் பொத்தினான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மிச்ச நேரம் முழுக்க அவன் கையை எடுக்கவில்லை. நான் அழுதேன், மூத்திரம் போனேன், எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அந்த உள்ளங்கையின் உப்பு இப்போதும் என் பல்லில் இருக்கிறது. இறக்கிவிட்ட இடத்தில் அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இருட்டுக்குள் ஒரு உடம்பில் ஒரு கை படுவது என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும். அது ஆசையும் இல்லை, அன்பும் இல்லை, அதற்குப் பெயரே இல்லை. தெரிந்தும், எனக்கு வாங்கிக்கொண்ட அந்த ஒரு கையை நான் அவளுக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. என் கதையில் பனி இருக்கிறது, நாய் இருக்கிறது. அவள் கதையில் ஏழு பேர் கூட இருந்தால் என்ன? நான் என் கதைக்குள் அந்த ஒருவனைக்கூட விடவில்லை, அவள் ஏழு பேருக்கு இடம் கொடுத்தாள்.

பதினொன்று முப்பது. இன்னும் பத்து நிமிடம். என்னிடம் இன்னொரு அத்தாட்சியும் இருக்கிறது, எல்லாவற்றிலும் பழையது. தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணிந்து கேட்டேன், சிரித்துக்கொண்டு, பேப்பரை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு: "அந்தப் பதினொரு பேரும் ஆர் ஆர்?" அவள் விரலை மடக்கினாள். "அம்மா, நான், பெரியண்ணா..." அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கியது. அவள் ஓடினாள். நான் பேப்பருக்குப் பின்னால் அப்படியே இருந்தேன். பெரியண்ணா எண்பத்தாறிலேயே லண்டனுக்குப் போய்விட்டார். எங்கள் எழுத்துக்கு அவர் லண்டனிலிருந்து அனுப்பிய சீலையைத்தான் அவள் உடுத்திருந்தாள். தொண்ணூறில் கோண்டாவில் பங்கருக்குள் அவர் எப்படி இருந்தார்? பிடித்துவிட்டேன் என்று எனக்குக் காது சூடாகியது. அவள் பாலைத் துடைத்துவிட்டு வந்து, என்ன கேட்டனீங்கள், என்றாள். ஒண்டுமில்லை, என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மிச்ச எட்டுப் பேரையும் சொல்லச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய் கையில் கிடைத்ததும் எனக்கு அது போதும் என்றாகிவிட்டது. முழுதாகக் கேட்டால் எங்கே அது பொய்யில்லாமல் போய்விடுமோ என்று பயந்தேனா? இருபத்தாறு வருடம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அவளோடு சண்டை வரும் நாட்களில், அவள் கத்தும்போது, நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே அதைத் தொட்டுப் பார்ப்பேன். பெரியண்ணா. சரி, இருக்கட்டும், எனக்குத் தெரியும். பொறுமைசாலியான புருசன் என்று சனம் என்னைச் சொல்லும். இந்த அடுக்குக்கு இறங்கி வந்த வழியில் ஒரு கல்லைக் காட்டினான் செர்கான், ஆட்டுக்கல்போல வட்டமாக, ஆள் உயரத்துக்கு, சுவரின் பள்ளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரி வந்தால் உள்ளேயிருந்து உருட்டி வழியை அடைப்பார்களாம். வெளியே நிற்பவன் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. நடுவில் ஒரு துளை, அதன் வழியாக உள்ளே இருப்பவன் வெளியே பார்க்கலாம். எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள். நான் தொடவில்லை. எதிரி போய்விட்டான் என்று உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். செர்கான் தோளைக் குலுக்கினான். யாராவது போய்ப் பார்க்க வேண்டும், என்றான்.

திடீரென்று விளக்கு போயிற்று. கூரையில் ஓடிய வயரின் மஞ்சள் குமிழ்கள் எல்லாம் ஒன்றாக. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று தெரியாத இருட்டு. அந்தக் கை என் வாய்க்கு வந்துவிட்டது, உப்போடு. எழும்ப நினைத்தேன், எந்தப் பக்கம் வாசல் என்று மறந்துபோயிற்று. கைப்பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தேன், அதற்குள் அவளுடைய சித்தாலேபத் தைல வாசம். கீழே யாரும் கத்தவில்லை. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவ்வளவு ஆழத்தில், ஆட்களின் நடுவில் நிற்கிறாள், எங்களைச் சுற்றுலா கூட்டிவந்த பரமானந்தம் அண்ணையும் மனைவி தேவி அக்காவும் பக்கத்தில் நிற்பார்கள், எஸன் நகரிலிருந்து வந்த அந்தப் புதுச் சோடி நிற்கும், செர்கான் நிற்பான். ஆரின் முதுகில் இப்போது அவளுடைய கை? நான் இருட்டில் செத்துக்கொண்டிருக்கும்போதும் என் மனம் கேட்டது அதைத்தான். எழுபத்தொரு வயதுப் பரமானந்தம் அண்ணையின் முதுகில்கூட எனக்குப் பொறாமை. அப்படியானால் இது காந்தனைப் பற்றியதே இல்லையா? இது யார் என்பதைப் பற்றியதே இல்லையா? அவளோடு இருட்டுக்குள் இருக்கிற எவனும், நான் இல்லாத எவனும். என் கை தேடிப்போய்ச் சுவரில் பட்டது. உளித் தழும்பு. அதைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க ஒன்றும் இல்லை, வெறும் பாறை, இருந்தாலும் உள்ளங்கையை அதில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மணி பதினொன்று முப்பத்தாறு. என் கை சுவரில் இருந்தது, வெட்கப்பட்டு எடுத்தேன்.

முதலில் ஏறி வந்தது செர்கான். அவனுக்குப் பின்னால் பரமானந்தம் அண்ணை, நெற்றியில் சிராய்ப்போடு, மூச்சு வாங்கியபடி. அவர் டோர்ட்முண்ட் கோயிலில் எல்லாச் சுற்றுலாவையும் ஒழுங்குபண்ணுகிறவர். வாய் மட்டும் ஓயாது. என் பக்கத்தில், மாட்டுத் தொட்டியின் விளிம்பில் தொப்பென்று இருந்தார். "தம்பி, நீர் வராதது நல்லதாப் போச்சு. லைற் நிண்டுது, தெரியுமோ? தேவி என்ரை கையை நகத்தாலை கிழிச்சுப் போட்டா. ஆனால் உம்மடை மனிசி இருக்கிறாவே, அவ வேறை ஆள். இருட்டுக்குள்ளை எல்லாற்றை தோளிலையும் தட்டித் தட்டி எண்ணுறா. ஒண்டு, ரெண்டு எண்டு. என்ரை தோளிலை ஒரு தட்டு, தேவிக்கு ஒரு தட்டு. ஆறு எண்டு தன்ரை நெஞ்சிலை தட்டினா. அதோடை நிப்பாட்ட வேணுமெல்லோ? சுவரிலை ஒரு தட்டுத் தட்டி ஏழு எண்டிட்டா. லைற் வந்தாப் பிறகு அந்தப் புதுமாப்பிளைப் பெடியன் கேக்கிறான், நாங்கள் ஆறு பேர்தானே, ஏழாவது ஆர் எண்டு. உம்மடை மனிசி கல்லையும் ஒரு ஆளாச் சேத்திட்டா." அவர் சிரித்தார். தேவி அக்கா ஏறி வந்து, "சும்மா இருங்கோ, நீங்கள் அம்மா எண்டு கத்தினதைச் சொல்லேல்லையே" என்றாள். புதுச் சோடி கையைக் கோத்தபடி வந்தது. கடைசியாக லோஜினி. முழங்காலில் கையை ஊன்றி, முகம் முழுக்க வியர்வை, கல்தூசி. என்னைப் பார்த்ததும், "பயந்துபோனீங்களோ? லைற் போனதெல்லோ" என்றாள். கைப்பையை வாங்கினாள், லேஞ்சி எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

மற்றவர்கள் மேலே போகத் தொடங்கினார்கள். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். என் வாய் தானாகக் கேட்டது, "ஏழாவது ஆர்?"

"அண்ணை அதுக்கிடையிலை சொல்லிப்போட்டாரே. பின்னை, மேலை நீங்கள் இருக்கிறீங்கள்தானே. உங்களை விட்டிட்டு எண்ணலாமோ?"

"இல்லாத ஆளை எண்ணுறதோ?"

"அம்மா அப்பிடித்தான் எண்ணுறவ. பங்கருக்குள்ளை இறங்கின உடனை. இருக்கிற ஆக்களுக்கு ஆளிலை தட்டு, இல்லாத ஆக்களுக்கு மண்ணிலை தட்டு. அரிசி வாங்குற கூப்பன் மட்டையிலை பேரிருக்கிற எல்லாரும். பெரியண்ணா லண்டன், சின்னண்ணா பாரிஸ், அக்கான்ரை நாலு பேர் கொழும்பிலை. ஆரையும் விட்டிட்டு எண்ணினால் அந்த ஆளுக்கு ஏதும் ஆகிப்போடும் எண்டு அவவுக்குப் பயம். காந்தனண்ணா வீட்டு ரெண்டு பேரையும் சேத்துப் பத்து. உங்கடை பேர் கூப்பனிலை ஏறேல்லை, எண்டாலும் எழுத்து முடிஞ்சதுதானே. பதினொண்டு." லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தாள். "பொம்பர் ஒவ்வொருக்கா சுத்தி வரேக்கையும் முதல்லை இருந்து எண்ணுறது. பதினொண்டு சொல்லி முடிஞ்சாத்தான் மூச்சு விடலாம். காந்தனண்ணாவிலை தட்டுற கையை எடுக்கேலாது, எடுத்தால் அந்த மனிசன் நடுங்குற நடுக்கத்திலை வெளியிலை ஓடிப்போடும். நான் உங்களுக்குச் சொன்னனான்தானே?"

சொல்லவில்லை. சொன்னாள், பதினொரு பேர் என்று. நான் கேட்கவில்லை. ஏழு பேர். அவள் உள்ளே இறக்கிய அந்த ஏழு பேரில் நான் ஒருவன். என் பொறாமை அத்தனை வருடமும் வெளியே துரத்திக்கொண்டிருந்த ஆட்களில் என்னையும் சேர்த்துத் துரத்தியிருக்கிறேன். சில்லுகளை வைத்து, இடமில்லை, இடமில்லை என்று கெல்லர் தரையில் நான் நிரூபித்தது எனக்கு இடமில்லை என்பதைத்தான். இப்போது நெஞ்சு லேசாக வேண்டும். ஆகிறது, கொஞ்சம். ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வருகிறது. ஆனால் மனம் அதோடு எழும்பி வரவில்லை. அது அந்தக் குழிக்குள்ளேயே, பனங்குற்றிக்குக் கீழே நின்று இன்னும் ஒரு விசயத்தைத் தேடுகிறது. காந்தனின் முதுகு இனி எனக்கு வேண்டாம், நீலக்கோட்டை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது பதினோராவது தட்டு. ஒவ்வொரு தரமும் கடைசியாக, மண்ணில். எழுத்துப்படி மருமகன் என்று மாமி கடமைக்குத் தட்டியதா? பத்து வரைக்கும் எண்ணிவிட்டு மாமி நிறுத்த, இருட்டுக்குள் இன்னொரு கை, ஒரு கை காந்தனின் முதுகில் இருக்க லோஜினியின் மற்றக் கை, சுவரைத் தேடிப் போனதா? அவள் எழும்பினாள். போவமோ, என்றாள், அண்ணை தேத்தண்ணி வாங்கித் தாறாராம். கையை நீட்டி என் கையைப் பிடித்து எழுப்பினாள். அவளுடைய உள்ளங்கையில் கல்தூசி அப்படியே ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை, அவள் கையை விடவும் இல்லை. கீழேயிருந்து ஜெர்மன்காரக் கிழவனின் கைத்தடி படியில் தட்டித் தட்டி ஏறிவரும் சத்தம் கேட்டது.

"லோஜினி" என்றேன். "அண்டைக்கு என்னை எண்ணேக்கை, மண்ணிலை தட்டினது ஆர்? அம்மாவோ, நீரோ?"